மயிலுக்குப் போட்ட வெடி

வெம்பக்கோட்டைப் பக்கம் என் மாமாவின் கடலைக் காட்டுக்கு ஒரு பெரியவர் காவல். ஒட்டடைக்கம்பு போல உயரம்; தலையில் எப்போதும் ஒரு சாக்கு. பன்றி புகுந்தால், "ஏலே, ஓடுலே!" என்று கல்லை வீசுவார். மயில் புகுந்தால் மட்டும் சாக்கை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சாமி, வயிறு நெறஞ்சிருச்சுல்ல? அங்கன ஓடைப்பக்கம் போங்க" என்று கும்பிடுவார். முருகன் ஏறுகிற வாகனமாயிற்றே! மயில்கள் நிதானமாகக் கடலையைக் கிளறித் தின்னும்.

"இனி ஒரு செடி போனாலும் உனக்கு வேலை கிடையாது" என்று மாமா கத்திவிட்டார். சிவகாசியில் வெடிக் கம்பெனியில் இருந்த நான், ஒரு பை நிறைய வெடியோடு சைக்கிளில் போய் இறங்கினேன்.

"சாமிக்குக் கோவம் வராதா தம்பி?"

"மேலே படாது, சத்தம் மட்டுந்தான்" என்று திரியைக் கொளுத்தினேன். இடி விழுந்தாற்போல் காடே அதிர்ந்தது.

ஒரு மயில்கூடப் பறக்கவில்லை. கழுத்தை நீட்டி அகவின. ஒன்று தோகையை விரித்தது, அப்புறம் இன்னொன்று. பக்கத்துக் காட்டு மயில்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டன. மழை வருகிறதென்று நம்பிவிட்டன!

"உங்க வேலை போச்சு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் காதில் விழவில்லை. பொட்டு மேகம் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார். சாக்கை உதறி, மழைக்குப் போடுகிற கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"அம்புட்டு மயிலும் சொல்லுதே, பொய்யாவா இருக்கும்? இன்னொண்ணு போடுங்க தம்பி. மேல இருக்கவுகளுக்கும் கேக்கட்டும்."

பையில் இருந்த அத்தனையையும் கொளுத்தினேன்.