கண்டக்டர் பாயின் ஸ்பானிஷ்

முதல் அடி என்னுடையது. வலது கையின் மேல் விழுந்தது. பச்சை மட்டையை முறித்தது போல ஒரு சத்தம் கேட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் காக்கிச் சட்டை போட்டவன் நான். எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், கல்லடியும் பட்டிருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த வயதில் மற்றதெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது. அது கண்டக்டர் பாயின் விரல்கள் உடைந்த சத்தம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போய்வரும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். அவருடைய அண்ணனுக்கு ஊரில் ஜவுளிக்கடை இருந்தது. அங்கே உட்காராமல் ஏன் பஸ்ஸில் தொங்குகிறீர்கள் என்று கேட்டால், “கடைக்கு வர்றவங்க வெலையத்தான் பேசுவாங்க. பஸ்ஸுல ஏறுனா எல்லாத்தையும் பேசுவாங்க” என்பார். வீட்டில் அவருக்கு உருது. கரும்பு வெட்ட வந்த குடும்பங்களோடு தெலுங்கு. கடுக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும் சனங்களிடம் அவர்கள் இழுப்பிலேயே பேசுவார். இவ்வளவும் போதாதென்று ஸ்பானிஷ். ஒருநாள் ரேடியோவைத் திருகியபோது இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சி ஒன்று கரகரவென்று கேட்டிருக்கிறது. சட்டைக்கு ‘கமீசா’ என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. “எங்க வூட்ல கமீஸுங்கறோம். எங்கியோ கடலுக்கு அந்தாண்ட இருக்கறவன் கமீசாங்கறான். அந்தச் சட்டை எப்பிடிங்க அவ்ளோ தூரம் போச்சு?” என்று ஏறுகிறவர்களையெல்லாம் கேட்பார். புதிதாக வேலையில் சேர்ந்து அந்த பஸ்ஸில் போய்வந்த நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். சிறுபாலங்களை உடைத்தார்கள். குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். எங்கள் பக்கம் மரம் வெட்டியவர்கள் என் சாதிக்காரர்கள். என் சித்தப்பாவே கோடரி எடுத்தவர். அவர்கள் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் லத்தியோடு எதிரில் நின்றேன். வீட்டில் என்னைத் துரோகி என்றார்கள். ஸ்டேஷனில் என்னை நம்பவில்லை.

ஒருநாள் பகலில், மலையிலிருந்து இறங்கி வந்த அந்த பஸ்ஸைக் கச்சிராயபாளையம் தாண்டி மரத்தைச் சாய்த்து மறித்துவிட்டார்கள். கல் விழுந்து கண்ணாடிகள் நொறுங்கின. டிரைவர் குதித்துக் கரும்புக் காட்டுக்குள் ஓடிவிட்டார். உள்ளே, பாம்பு கடித்த ஒரு மலைக்காரப் பெண் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தாள். கண்டக்டர் பாய் இறங்கிக் கூட்டத்தின் நடுவே போய்க் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். கூட்டமும் இளகி, வழிவிட மரத்தைப் புரட்டக் கை வைத்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் எங்கள் வேன் போய் நின்றது. மரத்தின் மேல் கை வைத்திருந்தவர்களைப் பார்த்தோம். ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. விசில் ஒலித்தது, பாய்ந்தோம். மண்டைகள் பிளந்தன. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார், விரலிடுக்கில் ரத்தத்தோடு பற்கள் உதிர்ந்தன. அவரைத் தாண்டி அடுத்தவரை அடித்தேன். அந்தப் பெண்ணை எங்களில் ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. ஓடியவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து, அவளைக் கட்டைவண்டியில் ஏற்றி வயல் வழியாகக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிடித்து வந்தவர்களை ஸ்டேஷன் சுவரோரம் உட்காரவைத்தோம், கண்டக்டர் பாயும் அதில் ஒருவர். அவருடைய தோல்பையிலிருந்து ஒரு நோட்டு விழுந்தது. இன்ஸ்பெக்டர் புரட்டினார். தமிழ் எழுத்தில் வரிசை வரிசையாக எழுதியிருந்தது. மரம், ஆர்போல். பாலம், புவெந்தே. சாலை, கமீனோ.

“இன்னாடா இது?”

“ஸ்பானிஷ் சார். பாஷை சார். ஆசைக்குப் படிச்சிக்கினு இருக்கேன்.”

“மரம், பாலம், ரோடு. எத வெட்றது, எத ஒடைக்கிறதுன்னு கோட் வேர்டுல எழுதி வெச்சிக்கினு, பாஷையா?” இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். “இவன் உன் ஆளுங்களுக்கு ஒத்தாச பண்றவன். இவன அடிக்க உனக்குக் கை வருமா?”

ஸ்டேஷனே என்னைப் பார்த்தது. கை வரும் என்று காட்ட வேண்டியிருந்தது. லத்தியை ஓங்கினேன். அடி வருகிறது என்றால் யாரும் தலையைத்தான் மறைப்பார்கள். அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். ரேடியோ கேட்கிற காதுகள். விரல்கள் உடைந்தது அப்படித்தான்.

“பேசுடா, யாருக்கு எழுதுன? பேசுடா!” ஒவ்வொரு அடிக்கும் இதையே கத்தினேன். முதுகில், தொடையில், உள்ளங்காலில். முதலில் அலறினார். பிறகு அலறல் நின்று, எங்களுக்குப் புரியாத எதையோ முனக ஆரம்பித்தார். “ஆப்லோ… ஆப்லாஸ்… ஆப்லா…” என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன். அவர் நிறுத்தவில்லை. மயங்கி விழும்வரை சொன்னார்.

சாயங்காலம் அவருடைய அண்ணனும் ஒரு வக்கீலும் வந்து, வழக்கு இல்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். நோட்டைக் கொளுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் பின்புறம் வைத்துக் கொளுத்தியதும் நான்தான்.

சில வருடங்கள் கழித்துப் புதுச்சேரிக்கு பந்தோபஸ்துக்குப் போயிருந்தபோது, நடைபாதைப் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் சிறு புத்தகம் ஒன்று கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். முதல் பாடத்திலேயே இருந்தது. ஆப்லோ, நான் பேசுகிறேன். ஆப்லாஸ், நீ பேசுகிறாய். ஆப்லா, அவன் பேசுகிறான். பேசு பேசு என்று அடித்தவனுக்கு அந்த மனிதர் அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். அடி வாங்கிக்கொண்டே சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். கடைசியில் இருந்த சொற்பட்டியலில் ‘மன்னித்துவிடு’ என்பதைத் தேடி மனப்பாடம் செய்தேன். அதை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போக இன்னும் பல வருடங்கள் பிடித்தன.

அவர் தன் அண்ணன் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். இரண்டு விரல்கள் மடங்காததால் கண்டக்டர் வேலை போய்விட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் புது நோட்டு ஒன்று திறந்து கிடந்தது. இடது கையால் எழுதிய கோணல் எழுத்துகள். நான் மஃப்டியில் இருந்தும் பார்த்தவுடனே தெரிந்துகொண்டார். கையிலிருந்த அளவுகோல் ஒரு நிமிடம் நின்றது.

“வாங்க சார். இன்னா துணி பாக்கறீங்க?”

“துணிக்கு வரல பாய்.” மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். “பெர்தோனா.”

அளவுகோலைக் கீழே வைத்தார். பிறகு, பஸ்ஸில் சில்லறை கேட்கும் அதே குரலில் சொன்னார்:

“தப்பா சொல்றீங்க சார். நம்ம பாஷை மாதிரிதான், அவங்களுக்கும் நீன்னு சொல்ல ஒண்ணு, நீங்கன்னு சொல்ல ஒண்ணு இருக்குது. பெர்தோனான்றது சிநேகிதங்கிட்ட சொல்றது. நாம சிநேகிதங்க இல்ல. எங்கிட்ட பெர்தோனேன்னு சொல்லணும்.”

“பெர்தோனே” என்றேன்.

“இப்ப சரி” என்றார். துணிக்குக் காத்திருந்த ஒரு அம்மாவிடம் திரும்பி உருதுவில் ஏதோ கேட்டபடி, விட்ட இடத்திலிருந்து துணியை அளந்தார்.

சரி என்றது என் உச்சரிப்பை. மற்றதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்கிற இடத்திலும் நான் இல்லை.