முகம் தெரியட்டும்

நர்ஸாக அந்த வீட்டுக்கு நான் முதலில் போனது வெல்டரின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள. பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. படுக்கையில் கிடப்பவரை எப்படிப் புரட்ட வேண்டும், எங்கே தலையணை கொடுக்க வேண்டும், முதுகைத் துடைத்து எப்படி உலர்த்த வேண்டும் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பேன். பெரும்பாலும் ஆண்களுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். வெல்டர் போகவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். அந்த அம்மாள் இறக்கும்வரை முதுகில் ஒரு புண் வரவில்லை. அந்த நல்ல பெயரில் பாதி அவருக்குத்தான் சேர வேண்டும்.

தெருவிலும் பட்டறையிலும் அவருக்குச் சரியண்ணன் என்று பெயர். எதைக் கேட்டாலும் சரி என்பார். சைக்கிளைக் கொடுங்க என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமை வந்து எங்க கேட்டை ஒட்டிக் கொடுங்க என்றால் சரி. தெருமுனைத் தையல்காரர் ஒருமுறை, "உன் தலையைக் கழட்டிக் கொடுன்னு கேட்டாக்கூட, எந்தப் பக்கம் திருகணும்னுதான்யா கேட்பே" என்றார். அதற்கும் சிரித்துக்கொண்டு சரி என்றார்.

மீசை முளைக்கும் முன்பே பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தவர். மொட்டையாக வரும் வண்டிக்கு இரும்புச் சட்டங்களை விலா எலும்பு மாதிரி நிறுத்தி, பற்றவைத்து, தகடு அடித்து அனுப்பும் வேலை. முழங்கை வரைக்கும் பொறி பட்ட வடுக்கள், அம்மைத் தழும்பு போல. குணம்தான் வழவழா; பற்றவைப்பில் கறார். முகமூடி போடாமல் எட்டிப் பார்க்கும் பையன்களைப் பார்த்து அவர் கத்துவதுபோல யாரும் கத்த மாட்டார்களாம். அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்று அவர் மனைவியே சொல்லுவாள்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு ஆண்கள் அடிக்கடி வருவார்கள். ஒருவர் மனைவியின் அண்ணன், வெல்டருக்கு மச்சான், ஆளுங்கட்சியில் வார்டுப் பொறுப்பாளர். இன்னொருவன் வெல்டரின் சொந்தத் தம்பி, எதிர்க்கட்சி. அம்மா படுக்கையில் இருந்தபோதுதான் பட்டறை மூடியது. அதுமுதல் இருவரும் கட்டிலின் கால்மாட்டில் நின்று பொருளாதாரம் பேசினார்கள்.

"நாடு நிமிர்ந்துக்கிட்டிருக்கு தம்பி. வேலைவாய்ப்பு ஏறியிருக்கு. கணக்கு சொல்லுது."

"யார் வீட்டுல ஏறுச்சு? இங்க எங்க அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"உங்க ஆட்சியில நோய் பிடிச்ச பட்டறை அது."

"உங்க ஆட்சியில செத்துச்சுல்ல?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க, பெட்பேன் வைக்கணும்" என்றேன். ஆளுக்கு ஒரு பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு, எனக்கும் கிழவிக்கும் மேலாகத் தொடர்ந்தார்கள்.

அம்மா போன பிறகும் வெல்டரின் மனைவி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நோயாளி இப்போது வெல்டர். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார். காலையில் பட்டறைக்குப் போகும் நேரத்துக்கு எழுந்து, முகம் மழித்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எப்போதாவது ஜன்னல் கம்பி வேலை வரும். வந்தால் அன்று ராத்திரி தூங்குவார். மருந்து எழுதிக் கொடுக்கிற நோய் இல்லை அது.

பிறகு ஒரு புது முதலாளி பட்டறையை எடுத்தார். ஆள் எடுப்பது காண்டிராக்டர் மூலம். ஒரே ஒரு தேர்வு: சூப்பர்வைசர் முன்னால் இரண்டு தகடுகளைப் பற்றவைக்க வேண்டும். ஆறியதும் அதை வைஸ் என்ற இரும்பு இடுக்கியில் பிடித்து வளைப்பார். விரிசல் விடவில்லை என்றால் வேலை. விட்டால் இல்லை, வெளியூர் ஆட்கள் வரிசையில் இருக்கிறார்கள். மறுபடி அந்தப் பட்டறைக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் வெல்டர் வாழ்க்கையிடம் கேட்டது. பின்கட்டில் பழைய இரும்பை ஒட்டி ஒட்டிப் பழகினார். முகத்தில் கொஞ்சம் சதை வந்தது. நான்கூட, இனி இந்த வீட்டுக்கு வர வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் திறப்பு விழா. அதற்கும் முந்தின சாயங்காலம் மச்சான் வந்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில உடுப்பு தர்றாங்க, போட்டுக்கிட்டு மேடைக்கு முன்னால ஒரு வேலை செஞ்சு காட்டணும். அமைச்சர் வர்றார். சூப்பர்வைசரும் பார்ப்பார். நம்ம ஆளுன்னு தெரிஞ்சா மறுநாள் தேர்வு சும்மா சடங்குதான்."

சரி என்றார்.

அரை மணி கழித்துத் தம்பி. "அண்ணே, நாளைக்கு மத்தியானம் வேலையில்லாதவங்க உண்ணாவிரதம். நீ முன் வரிசையில உட்கார்ந்தா போதும். நம்ம சத்தத்துக்குப் பயந்துதான் அவங்க உள்ளூர் ஆளை எடுப்பாங்க."

அதற்கும் சரி. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "காலையில வேலைக்காரன், மத்தியானம் வேலையில்லாதவன். ராத்திரிக்கு யாராவது செத்தவனா நடிக்கக் கூப்பிடுவாங்க, அதுக்கும் போய் படுங்க."

விழாவில் நடந்ததை அவளே பிறகு சொன்னாள்; கூட்டத்தில் நின்றிருந்தாள். உடுப்பு புதுசு, மடிப்புக்கூடப் போகவில்லை. வெல்டர் முகமூடியை இறக்கிவிட்டுப் பொறியைக் கிளப்பினார். அமைச்சர் கறுப்புக் கண்ணாடியோடு தள்ளி நின்றார். படமெடுப்பவர் கத்தினார்: "அண்ணே, மூடியைத் தூக்குங்க. யாருன்னே தெரியல. முகம் தெரியட்டும்!"

வெல்டர் திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷந்தான் மாப்பிள்ளை. வேலை கிடைச்ச முகம் தெரியாம என்ன படம்? தூக்குங்க."

பையன்களைப் பார்த்துக் கத்தின அதே ஆள் மூடியைத் தூக்கினார். பொறியும் வேண்டும், முகமும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். ஒன்று சரியாக வந்தால் இன்னொன்று தவறியது. மறுபடி, மறுபடி என்றார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கமே இல்லை. அவர் சரக்கு லாரியைப் பார்க்கப் போயிருந்தார். முடிந்ததும் வாசலில் உடுப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பற்றவைப்பு வெளிச்சம் கண்ணைச் சுடுவது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும். அது காட்டத் தொடங்கியபோது அவர் தம்பியின் உண்ணாவிரதப் பந்தலில் முன் வரிசையில் இருந்தார். கண் சிவந்து தாரை தாரையாக வடிந்தது. அங்கேயும் ஒரு படமெடுப்பவன் இருந்தான். "அப்படியே இருங்கண்ணே, துடைக்காதீங்க" என்றானாம்.

சாயங்காலம் அவர் மனைவி என்னிடம் ஓடி வந்தாள். "சிஸ்டரம்மா, அவர் கண்ணைத் திறக்க மாட்டேங்கிறார். மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்காம்."

போனேன். கையை விலக்கிப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்தது. கசக்காதே என்று இரண்டு அதட்டல் போட்டு, ஆட்டோவில் ஏற்றிக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்தார். பார்வை போகாது, இரண்டு மூன்று நாள் இருட்டில் இருக்கட்டும் என்றார்.

"நாளைக்கு எனக்கு வெல்டிங் தேர்வு சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இவர் காமெடி பண்றாரா?"

வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்து, ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்தோம். மச்சானும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். தம்பி கையில் போன்.

"அண்ணே, உன் படம் எல்லா இடத்துக்கும் போயிருச்சு. தலைவரே கேட்டாராம், யார்யா இது, இப்படி அழுறாருன்னு."

"அது அழுகை இல்ல. காலையில வெல்டிங் வெளிச்சம் பட்டு எரியுது" என்றாள் வெல்டரின் மனைவி.

அவன் ஒரு கணம்தான் யோசித்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படின்னா இது வேலையில நடந்த விபத்து! அண்ணன் பட்டறைத் தொழிலாளி. பாதுகாப்பு இல்லாம வேலை வாங்கியிருக்கான். விடக்கூடாது."

"இன்னிக்குத்தானேப்பா வேலையில்லாதவர்னு உட்கார வச்சே?" என்றேன்.

"அது மத்தியானம், சிஸ்டரம்மா."

மச்சான் பதறினார். "யார் தொழிலாளி? மாப்பிள்ளை விழாவுக்கு வந்த விருந்தாளி. உடுப்பைக்கூட வாசல்லயே வாங்கிட்டாங்க. அவருக்கும் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏண்ணே, வேலை பெற்ற தொழிலாளி இவர்தான்னு அமைச்சர் மைக்ல சொன்னாரே?" என்றாள் தங்கை.

"மேடையில சொல்றதையெல்லாம் பிடிச்சுக்கிட்டா எப்படிம்மா?"

காலையில் வேலை இருக்கிறது என்றவர் இல்லை என்கிறார். இல்லை என்றவன் இருக்கிறது என்கிறான். நடுவில் படுத்திருப்பவரின் கன்னத்தில் நீர் வடிந்து தலையணை நனைகிறது. நான் சீழ் துடைத்தவள். வாந்தி அள்ளியவள். புழு வைத்த காலைக் கழுவியிருக்கிறேன். எதற்கும் முகம் சுளித்ததில்லை. அவை உடம்பின் வேலை, உடம்பு வேண்டுமென்று செய்வதில்லை. அந்த அறையில்தான் முதல்முறையாக முகம் சுளித்தேன்.

"யாராவது ஒருத்தர் இந்தக் கிண்ணத்தைப் பிடிங்க, சொட்டு விடணும்" என்றேன். மச்சானுக்குப் போன் வந்தது. தம்பிக்குக் கண் சமாச்சாரம் என்றாலே மயக்கம் வருமாம். அந்தப் பெண்தான் பிடித்தாள்.

மறுநாள் காலையில் எவ்வளவு சொல்லியும் வெல்டர் கேட்கவில்லை, தேர்வுக்குக் கிளம்பினார். இந்த ஒன்றுக்கு மட்டும் சரி சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டு நானும் அவர் மனைவியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக் கூட்டிப்போனோம். முகமூடிக்குள் கண்ணைத் திறந்து வைக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது தோளிலேயே தெரிந்தது. தகட்டில் போட்ட கோடு புழு நெளிந்த மாதிரி போயிருந்தது. சூப்பர்வைசர் வைஸில் வைத்து ஒரு திருகு திருகினார். ஒட்டின இடம் வாய் பிளந்துவிட்டது.

"ரெண்டு நாள் பொறுத்து வரட்டுமா சார்? கண் சரியாயிடும்" என்று நான் கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. சங்கடத்தோடு பேசினார். "எனக்கும் தெரியுதும்மா, நல்ல கை. ஆனா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்து முடிக்கணும். வேலை கொடுத்தாச்சுன்னு மேல இருந்து எண்ணிக்கை கேட்கிறாங்க."

எண்ணிக்கையாம். அதைக் காட்டத்தான் முந்தின நாள் இவர் கண்ணைச் சுட்டார்கள். அதற்காகவே இன்று இவரை விட்டுவிட்டார்கள்.

வெல்டர் கையுறையைக் கழற்றி ஒழுங்காக மடித்து மேசையில் வைத்தார். அவர் மனைவி நகரவில்லை. "சார், எனக்கு ஏதாவது இருக்கா?"

"உங்களுக்கா? பெருக்கிற வேலை இருக்கு. இரும்புச் சீவல் அள்ளணும். ரெண்டு ஷிப்ட்டு."

"வர்றேன்."

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் அவர், "எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டார். "காலை" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் மருந்து விடப் போனபோது முன்னறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் அதற்குள் எட்டியிருந்தது.

"பார்த்தியா தம்பி, இந்த வீட்டுக்கே ஒரு வேலை வந்திருக்கு. இதுக்குப் பேர் என்ன? வளர்ச்சி."

"வெல்டர் இருந்த வீட்டுல துடைப்பம் வந்திருக்கு. இதுக்குப் பேர் வளர்ச்சியா?"

"ஒண்ணு ஒண்ணுதானே? பெண்கள் கணக்குல ஏறும்."

அவள் உள்ளிருந்து வந்தாள். இருவரின் செருப்பையும் எடுத்துப் படிக்கு வெளியே போட்டாள். "எந்திரிங்க ரெண்டு பேரும். நான் விடியக்காலையில போகணும். நீங்க எங்க வேணும்னாலும் போய் என்னைக் கூட்டுங்க, கழிங்க. இங்க வேணாம்."

"அண்ணன்கிட்ட இப்படிப் பேசலாமா?" என்றார் மச்சான்.

"அண்ணி, நான் உங்க பக்கம்தான் பேசறேன்" என்றான் தம்பி.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தெருவில் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு டீக்கடைப் பக்கம் போய்விட்டது.

நான் உள்ளே போய் அவர் இமையைப் பிரித்துச் சொட்டு விட்டேன். சிவப்பு குறைந்திருந்தது. அவர் மனைவி பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சீவலைக் கையால அள்ளாதே" என்றார் கண்ணை மூடியபடியே. "வெறும் செருப்போட போகாதே. உள்ள கால் வைக்கிற இடமெல்லாம் குத்தும். ஷூ கேளு. தரலன்னா விடாம கேளு, சரின்னு வந்துடாதே."

"கேட்கிறேன்" என்றாள்.

மருந்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.