முதல் பெஞ்சில் மூன்று ஷிப்ட்

போன வாரம் கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் புழுதி அள்ளிக்கொண்டு வந்தது. "ஜன்னலைச் சாத்தும்மா, கண்ணெல்லாம் மண்ணு" என்றேன். ஓரத்துப் பெண் எழுந்து சாத்தினாள். பாடம் தொடர்ந்தது.

மணி அடித்து வெளியே வரும்போது முதல் பெஞ்சு செல்வியின் நோட்டு கண்ணில் பட்டது. தேவை விதி... அதன் விளக்கம்... அதற்குக் கீழே, 'ஜன்னலைச் சாத்தும்மா, கண்ணெல்லாம் மண்ணு.' அடிக்கோடு வேறு.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"என்னம்மா இது?"

"நீங்க சொல்றது எல்லாத்தையும் எழுதிடுவேங்க மேடம். எது பரீட்சைக்கு வரும்னு எனக்குத் தெரியாதுங்களே..."

"கொஞ்சம் காதால கேட்டுட்டு அப்புறம் எழுதலாமே?"

"கேட்டுக்கிட்டு இருந்தா அதுக்குள்ள நீங்க அடுத்த வரிக்குப் போயிடுறீங்க. ஒரு பேப்பர் போனாக்கூட படிப்ப நிறுத்திடுவேன்னு வூட்டுல சொல்லிட்டாங்க மேடம்."

செல்வி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். பேனா அழுத்தி அழுத்தி நடுவிரல் காய்த்துப்போயிருந்தது.  என் நடுவிரலிலும் ஒரு காலத்தில் அந்தக் காய்ப்பு இருந்தது. எனக்கும் ஒரு திட்டக்குடி இருந்தது.

திட்டக்குடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன்.

அறுபதுகளின் பின்பாதியில், இதே விருத்தாசலத்தில், நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். அப்பா என்னைக் கல்லூரியில் சேர்த்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். "பாஸ் பண்ற வரைக்கும் படி. ஒரு பேப்பர்ல கோட்டை விட்டாலும் திட்டக்குடிக்கு ஆள் அனுப்பிடுவேன்" என்றார். திட்டக்குடியில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுப் பையன். ஜாதகம் அமோகமாகப் பொருந்தியிருந்தது. அந்தப் பையன் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது 'திட்டக்குடி' என்று போர்டு போட்ட பஸ் நின்றால் போதும் — அது எனக்காகவே வந்து நிற்பது போல அடிவயிறு கலங்கும்.

எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் மகா அறிவாளி. ஆனால் வாயைத் திறந்தால் மணி அடிக்கிற வரை மூச்சு விடமாட்டார். எழுதினால் கை கழன்றுவிடும். எழுதாவிட்டால் திட்டக்குடி.

முதல் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். நான், மேரி, தனம். தனம் நல்லூரில் விவசாயக் குடும்பத்துப் பெண். மேரியின் அப்பாவுக்குப் பீங்கான் தொழிற்சாலையில் வேலை. அச்சில் களிமண் கூழ் ஊற்றிக் கோப்பை எடுப்பவர். கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்த ஒரு நாள், மேரிதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"ஏன்டி மூணு பேரும் ஒரே சமயத்துல சாவணும்? எங்கப்பா மாதிரி ஷிப்ட் போட்டுக்கலாம்."

பாதி ஊர் ஷிப்ட்டில்தானே பிழைக்கிறது? எங்களுக்கு அது ரொம்ப இயல்பாகப் பட்டது. வகுப்பு தொடங்கினால் என் ஷிப்ட். நடுவில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். உடனே என் பேனாவுக்கு ஓய்வு, மேரி ஆரம்பிப்பாள். பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தால் தனத்தின் முறை. சாயங்காலம் மரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தி பகுதியை மற்ற இரண்டு பேரும் காப்பி எடுத்துக்கொள்வோம்.

எங்கள் நோட்ஸ் கல்லூரியில் பிரபலமாகிவிட்டது. ஒரு வரி விடுபடாது. சிவப்பு மையில் தலைப்பு, பச்சை மையில் அடிக்கோடு. பையன்கள்கூடத் தூது அனுப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, ஷிப்ட் இல்லாத நேரத்தில் என்ன செய்வோம்? நான் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பேன். மேரி கடைசிப் பக்கத்தில் பூ வரைவாள். தனம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். அதற்கு ஒரு திறமை வேண்டும்.

பரீட்சைக்கு லீவு விட்டார்கள். மூன்று பேரும் கோயில் மண்டபத்தில் படிக்க உட்கார்ந்தோம். உழைப்பின் அளிப்புக் கோடு. என்ன கூலிக்கு எவ்வளவு வேலை செய்வார்கள் என்று காட்டும் கோடு, மேரியின் பகுதி. 'கூலி உயர்ந்தால் உழைப்பின் அளிப்பு உயரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையும். அதனால் கோடு பின்னோக்கி வளையும்.'

"எதனால குறையும்டி?" என்று மேரியைக் கேட்டேன்.

அவள் தன் நோட்டையே உற்றுப் பார்த்தாள். "தெரியலடி."

"நீதானே எழுதுன?"

"எழுதுனேன். எழுதற அவசரத்துல எங்க கேக்கறது? நீங்கதான் சும்மா உக்காந்திருந்தீங்க... நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் தனத்தைப் பார்த்தேன். தனம் என்னைப் பார்த்தாள்.  பக்கங்களைப் புரட்டினேன். என் பகுதியை அவர்கள் கேட்டார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுதியவள், எழுதியதால் கேட்கவில்லை. மற்றவர்கள், அவள் எழுதுகிறாளே என்று கேட்கவில்லை. வருஷம் முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று பேரில் ஒருத்திகூடப் பாடத்தைக் கேட்டிருக்கவில்லை.

நான் அழுதேவிட்டேன். தனம், "திட்டக்குடி நல்ல ஊருதான்டி" என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

மேரிதான் முதலில் தெளிந்தாள். "எங்கப்பா அச்சு நெறைய கூழ ஊத்துவாரு. கொஞ்ச நேரம் வுட்டுட்டு, ஒட்டாதத கவுத்துக் கொட்டிடுவாரு. ஒட்டுனதுதான் கோப்பை. நாம கொட்டவே இல்லடி. ரொப்பி ரொப்பி வச்சிருக்கோம்."

அன்றிலிருந்து பழக்கத்தை மாற்றினோம். ஒருத்தி ஒரு பக்கம் படிப்பாள், நோட்டை மூடுவாள், புரிந்ததை வாயால் சொல்வாள். மற்ற இருவரும் 'ஏன்? ஏன்?' என்று பிடுங்குவோம். பதில் அத்தனை கேள்விக்கும் தாக்குப்பிடித்தால் அதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதிக்கொள்வோம். பயத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் தாள் ஏற ஏறப் பாடமும் கொஞ்சம் தலையில் ஏறியது.

அந்த வளைகிற கோடு மட்டும் ஏறவேயில்லை. "கூலி கூடுனா எங்கப்பா ரெண்டு ஷிப்ட்டும் பாப்பாரு. எதனால குறையும்?" என்று மேரி சண்டைக்கே வந்துவிட்டாள். நேரமில்லை. அந்த வரியை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போய்விட்டோம். நல்லவேளை, கேள்வி வரவில்லை.

மூன்று பேரும் பாஸ். திட்டக்குடிப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. சாப்பாடு பிரமாதம் என்று அப்பா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலே படித்தேன், இன்று அதே பாடத்தை நடத்துகிறேன்.

இதையெல்லாம் இந்த வாரம் வகுப்பில் சொன்னேன். ஒரு விதியும் போட்டேன்: எல்லோரும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டும், புரியாவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும், கடைசியில்தான் எழுத வேண்டும். செல்வி பேனாவை வைக்கவே பயந்தாள்.  பாவம், கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய பாடம் — உழைப்பின் அளிப்புக் கோடு.

கரும்பலகையில் வளைத்து வரைந்தேன். "ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையும். அதனால் கோடு பின்னோக்கி வளையும்" என்றேன். எம்.ஏ.விலும் இந்த வரியை மனப்பாடத்திலேயே தாண்டியவள் நான். வகுப்பெடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டும் வருகிறேன். ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

செல்வி கையைத் தூக்கினாள்.

"எதனால மேடம் குறையும்? கூலி கூடுனா எங்கப்பா நோவுலகூட எழுந்து வேலைக்குப் போவாரு. யாரு மேடம் வராம இருப்பாங்க?"

வகுப்பில் ஒரு பேனாவும் அசையவில்லை. கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து பார்த்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்ட வினை. அடிவயிற்றில் திட்டக்குடி பஸ் வந்து நின்றது.

"நல்ல கேள்விம்மா... நாளைக்கு விவரமாச் சொல்றேன்" என்றேன்.

செல்வி பேனாவை எடுத்தாள். 'நாளைக்கு விவரமாச் சொல்றேன்' என்று எழுதிக்கொண்டாள். அடிக்கோடு வேறு.