முறித்துப் பார்த்த கிழங்கு

அந்த எண்ணம் எனக்கு முதலில் தோன்றியது செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மொத்தக் கடை வாசலில், வடகத்துக்கு ஜவ்வரிசி வாங்க நின்றபோது. இரண்டு நாள் முன்புதான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் தடையற்ற வணிகத்தை ஆதரித்துப் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருந்தேன். விற்பவனும் வாங்குபவனும் மனமொத்துச் சொல்வதே விலை, குறுக்கே நிற்க எவருக்கும் உரிமையில்லை என்பது என் கட்சி.

கடைக்காரர் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டு இந்தியும் தமிழுமாகக் கத்தி முடித்தார். ரிசீவரை வைத்ததும் கணக்குப்பிள்ளையைப் பார்த்து ஒரே சொல்: "இறக்கிடு." பலகையில் இருந்த ஸ்டார்ச் மாவு விலை அழிந்து, குறைந்த விலை ஏறியது. யார் இறக்கியது என்று கேட்டேன்.

"மார்க்கெட்டுதான் தம்பி. நானா இறக்கறேன்?" என்றார். பம்பாயில் துணி மில்களெல்லாம் வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடக்கின்றன, நூலுக்குக் கஞ்சி போட மாவு கேட்பாரில்லை என்று அவரே விளக்கினார்.

அந்த ஒரு சொல் எங்கே போய் யார் தலையில் விழுகிறது? போய்ப் பார்த்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஜவ்வரிசி வாங்க மறந்து போனது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாசி வெயில் காலை எட்டு மணிக்கே முறுகியிருந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் பஸ்ஸில் புதுச்சத்திரத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் எண்பது பைசா. மல்லூர் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் சேகோ பேக்டரிகள் தொடங்கிவிடுகின்றன. ஜவ்வரிசி ஆலைகளை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவு எடுப்பதும், மாவை உருட்டி வறுத்து ஜவ்வரிசி ஆக்குவதும் அங்கேதான். சிமெண்டுக் களங்களில் மாவு வெள்ளையாகக் காய்கிறது. கழிவு நீரின் புளித்த நாற்றம் பஸ்ஸுக்குள் ஏறி, ஆண்டகளூர் கேட் வரை கூடவே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்தவில்லை. பழகிவிட்டதா என்றேன். எந்த நாற்றம் என்று திருப்பிக் கேட்டார்.

புதுச்சத்திரம் டீக்கடை முன்னால் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் பெயர் செல்வராசு. கேபினில் இருந்தவர் கிழங்குக்குச் சொந்தக்காரர் பாவாயி, நாற்பது வயதிருக்கும். பத்து மாதப் பயிர், ஒன்றரை ஏக்கர், முழுவதும் அந்த ஒரு லாரியில். கிணறு வற்றியதால் நேற்றே ஆள்விட்டுப் பிடுங்கிவிட்டார். மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்குக்கு அவசரமில்லை. பிடுங்கிவிட்டால் மறுநாளே உள்ளே கருப்பு ஓட ஆரம்பித்துவிடும், மூன்றாம் நாள் மாடுகூடத் தொடாது. இன்று விற்றாக வேண்டும். நான் வந்த விஷயத்தைச் சொல்லிக் கூட வரலாமா என்றேன்.

"ஏறிக்குங்க சாமி. பேச்சுத்தொணைக்கு ஆச்சு" என்றார் பாவாயி.

கேபினில் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். விலை பிடிக்காவிட்டால் வேண்டாமென்று சொல்ல விற்பவருக்கும் உரிமை உண்டு. ஒரு ஆலை இல்லாவிட்டால் இன்னொன்று. போட்டி இருக்கும்வரை யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. பாவாயி மறுக்காமல் கேட்டார். செல்வராசுதான் கியரை மாற்றிக்கொண்டே, "ஏனுங்கக்கா, கெழங்கோட காலேஜையும் ஏத்திட்டு வந்துட்டமா? எடை கூடுமுங்க" என்றார்.

பத்து மணிக்கு முதல் ஆலை. மேனேஜர் வெளியே வந்து, சுமையிலிருந்து மூன்று கிழங்கை உருவி மளுக்கென்று முறித்து, வெள்ளை பார்த்து, கீழே போட்டார். போன வாரம் டன்னுக்கு நானூறு கொடுத்த ஆலை அது. இன்று முந்நூறு. பம்பாய் என்றார். பாவாயி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் மார்பு விரிந்ததை மறைக்க மாட்டேன்.

கிளம்பும்போது அவர் கீழே கிடந்த முறிந்த துண்டுகளைப் பொறுக்கிச் சுமையின் மேல் வைத்தார். போகட்டும் விடுங்கக்கா என்றார் செல்வராசு. "எடையில கெடக்குமில்லீங்க" என்று ஏறிக்கொண்டார்.

அங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் இரண்டாவது ஆலை. வாசலில் ஆறு லாரிகள் வரிசை. எங்கள் முறை வரப் பகல் ஒரு மணி. மேனேஜர் பெரியவர், நல்ல பேச்சுக்காரர். அவர் கிழங்கை முறிக்கவே இல்லை. மேலே கிடந்த துண்டுகளின் வாயைப் பார்த்தார். முறித்த இடம் பழுப்பேறியிருந்தது.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

அந்தத் துண்டுகள் சொல்லிவிட்டன. எத்தனை மணிக்கு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுவரை. இருநூற்று ஐம்பது என்றார் மேனேஜர். காலையில் முந்நூறு சொன்னார்களே என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"அப்ப அங்கியே எறக்கியிருக்கலாமே. இங்க கட்டாயம் ஒண்ணுமில்லீங்க தம்பி. புடிச்சா எறக்குங்க, இல்லாட்டி ஓட்டிக்கிட்டுப் போங்க."

மேடையில் நான் சொன்ன அதே வாசகம். அங்கே எனக்குக் கைத்தட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு மிரட்டலும் இல்லை. அவருடைய களத்தில் காய்ந்த மாவு ஆறு மாதம் காத்திருக்கும். எங்கள் சுமையை வெயில் மணிக்கு மணி தின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் சுதந்திரமானவர்கள்தான். ஒருவருக்கு மட்டும் நேரம் இருந்தது.

பாவாயி அங்கேயும் இறக்க ஒப்பவில்லை. வெளியே வந்ததும் செல்வராசு முறிந்த துண்டுகளைச் சாலையோரம் வீசிவிட்டார். பாவாயி தடுக்கவில்லை. மூன்றாவது ஆலையில் கேட்டே திறக்கவில்லை. கிடங்கு நிறைந்துவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார்.

முதல் ஆலைக்கே லாரியைத் திருப்பினார் செல்வராசு. ஏதாவது சொல்ல வேண்டுமென்று பம்பாய் வேலைநிறுத்தத்தை விளக்கினேன். லட்சக்கணக்கான தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வெளியே நிற்கிறார்கள், அதனால்தான் இங்கே மாவு விலை விழுந்தது என்றேன். பாவாயி வெளியே பார்த்தபடி, "அவிய ஊட்ல அடுப்பெரியுதுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நாலரை மணிக்கு மீண்டும் முதல் ஆலை. இப்போது இருநூறு. காலையிலேயே கொடுத்திருக்கலாமில்லையா என்று மேனேஜர் உண்மையாகவே வருத்தப்பட்டார். லாரி வாடகைக்கும் பிடுங்கியவர்கள் கூலிக்கும் எவ்வளவு கிழங்கு ஆகுமோ அவ்வளவு மட்டும் எடை போடச் சொன்னார் பாவாயி. சுமையில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மீதியை ஊருக்கே ஓட்டச் சொன்னார். என்ன செய்யப் போகிறார் என்று அவருக்கும் அப்போது தெரியாது. அந்த விலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வழி சொன்னது செல்வராசு. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமும் ஏற்றிப் போகிறவர் அவர். கிழங்கைச் சீவிக் காயவைத்தால் சில பண்ணைகளில் மக்காச்சோளத்தோடு கலந்து அரைக்கிறார்களாம். காய்ந்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. இருட்டுவதற்குள் ஊர்ப் பாறையில் கொட்டினோம். கிழங்கு பிடுங்கிய பெண்களில் எட்டுப் பேர் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்தார்கள். கருப்பு ஓடியதைக் கழித்துக் கழித்து, தேறியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விலை எவ்வளவு போகும் என்று ஒருத்தி கேட்டாள். "காயறதுக்குள்ள வெலை கேக்காதீங்க, கையோடாது" என்றார் பாவாயி.

நான் கடைசி பஸ்ஸில் நாமக்கல் போய் ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் செல்வராசு சொன்ன பண்ணைக்குப் போனேன். கூண்டுகளில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே சமயத்தில் கத்தின. முதலாளி முப்பது வயதுக்காரர். அவரும் என்னைப்போல் பொருளாதாரம் படித்தவராம். முட்டை விலையைத் தினமும் வெளியூர் வியாபாரி சொல்கிறான், நான் தலையாட்டுகிறேன் என்று சிரிக்காமல் சொன்னார். ஒரு மூட்டை கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு விலை சொல்கிறாராம்.

புதுச்சத்திரத்தில் இறங்கிப் பாவாயியிடம் இதைச் சொன்னேன். காயும் கிழங்குச் சில்லுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இந்தத் தடவ அவரு சொல்றதுக்கு முந்தி நாம சொல்லிப்போடோணும் சாமி."

ஞாயிற்றுக்கிழமை மூட்டை நாமக்கல் போகிறது. நானும் போகிறேன். எவ்வளவு சொல்வது என்றுதான் இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை.