அக்கா ஊதிய நுரையீரல்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, வெடிப்பு விட்ட கரிசலில் தேளும் ஓணானும் மட்டும் குடியிருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நிற்கிறது என்றால், அதை நிறுத்தியவன் நான். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம், உள்ளே நாற்காலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்குப் பக்கத்தில் இருக்கிற கிணறும் நான் வெட்டியதுதான். கரிசலில் கரை நிற்காது, ஒரு மழைக்குச் சரிந்து மூடிவிடும் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். சரிந்தது. மறுபடி வெட்டினேன். மறுபடியும் சரிந்தது. அடியிலிருந்து கல் கட்டிக்கொண்டே மேலே ஏறி வந்தேன். இன்றைக்கும் அதில் தண்ணீர் கிடக்கிறது. கொஞ்சம் உப்பு. அதற்கு நான் பொறுப்பில்லை. கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்று வைத்து, அது நொடித்து, அதே இடத்தில் மறுபடி வைத்து நிமிர்த்தினேன். இவ்வளவையும் செய்தவன் மூணாப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்.

ஆனாலும் நான் கட்டியதிலேயே பெரியது எது என்று யாராவது கேட்டால், இது எதையும் சொல்ல மாட்டேன். என் அக்காவைத்தான் சொல்லுவேன். அவளை விஞ்ஞான டீச்சர் ஆக்கியது நான். எப்படி என்று கேளுங்கள்.

சுதந்திரம் வந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். அக்காவுக்கு அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. எங்கள் தெருவில் அந்த வகுப்பு வரைக்கும் போன பெண் அவள் ஒருத்திதான். அய்யாவுக்கு அதில் பெருமையும் பயமும் சரிபாதி. பாஸானால் டீச்சர் டிரெயினிங், பெயிலானால் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளை தேட வேண்டிய வேலையே இல்லை. அய்யாவின் மூத்த அக்கா, எங்கள் அத்தை, விளாத்திகுளம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இவள் என் மகனுக்குத்தான் என்று அக்கா பிறந்த அன்றைக்கே சொல்லிவைத்துவிட்டுப் போனவள். அத்தானும் நல்ல மனிதர்தான். மிளகாய்க் காட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சாயங்காலமானால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். அம்மா மேல்பெட்டி ஒட்டுவாள், அக்கா அடிப்பெட்டி. மைதா மாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, பசை கிண்டுவது என் வேலை. அக்கா புத்தகத்தை எதிரே விரித்து, காற்றில் தாள் புரளாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் பெட்டிகளைப் பாரம் வைத்து, கை பாட்டுக்கு ஒட்ட வாய் பாட்டுக்குப் படிப்பாள். கணக்கும் சரித்திரமும் எனக்குத் தாலாட்டு மாதிரி. விஞ்ஞானம் வந்தால்தான் முழித்துக்கொள்வேன். அந்தச் சொற்கள் அப்படி. தமனி. சிரை. கணையம். மண்ணீரல். மூச்சுக்குழல். உதரவிதானம். அர்த்தம் தெரியாமலே வாயில் போட்டுச் சப்பலாம் போல இருக்கும். மறுநாள், நான் அப்போது கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டு அடுக்குவேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்து, தேள்கடிக்குக் கேட்குமா என்று விசாரித்தார்கள். கேட்கும் என்று சொல்லிவைத்தேன்.

இதெல்லாம் எனக்குள்ளேயும் இருக்கிறது என்று அக்கா ஒருநாள் சொன்னாள். அது எனக்குப் பெரிய குடைச்சலாகிவிட்டது. எங்கே இருக்கிறது? என்ன நிறம்? கனமா, லேசா? விலாவில் விரலால் குத்திக் குத்திப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

“மண்ணீரல்னா எது யக்கா?”

“வயித்துக்கு இடது பக்கம்லே. இந்தா, படத்தப் பாரு.”

பார்த்தேன். நசுங்கின கத்தரிக்காய் மாதிரி ஒன்று. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததும் ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

“இது சுவரொட்டியில்லா! கறிக்கடையில தொங்குமே.”

அக்கா பசைக்கையோடு நிமிர்ந்தாள். “அப்ப இது?”

“குண்டிக்கா.”

“சிறுநீரகம்னு சொல்லணும்லே. பரீட்சையில போயி குண்டிக்கான்னு எழுதுனா முட்டதான் போடுவாவ.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் ஒரு சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

மாசி பிறந்ததும் அத்தையிடமிருந்து ஆள் வந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் குலசாமிக்குக் கிடா வெட்டுகிறோமே, அன்றைக்கே சாமி முன்னால் பெண்ணுக்குப் பூ வைத்துவிடலாம் என்று சொல்லியனுப்பியிருந்தாள். பூ வைத்த பெண் வாசல் தாண்டிப் பரீட்சை எழுதப் போகிற வழக்கம் எங்களில் கிடையாது. அய்யா தலையைச் சொறிந்தார். கூடப்பிறந்த மூத்தவளின் சொல்லை அவர் எந்தக் காலத்திலும் தட்டியதில்லை. “அவிய வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்று அம்மாவிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. அக்கா பெட்டியைத் தாறுமாறாக ஒட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் படிப்பில் தடுமாற்றம் கண்டுவிட்டது. நன்றாகச் சொல்லிக்கொண்டே வருவாள். மூச்சுக்குழலுக்குக் கீழே என்று நிறுத்தி விட்டத்தைப் பார்ப்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். கணையத்தில் நிற்பாள். கொடுப்பேன். உதரவிதானம் அவளுக்கு வரவே வராது. மூணாப்புக்காரன் நான் எஸ்.எஸ்.எல்.சி.க்காரிக்குப் பாடம் எடுக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தேன்.

“படத்தப் பாத்துப் படிச்சா மண்டையில நிக்க மாட்டேங்குதுலே” என்றாள் ஒருநாள். “எல்லாத்தையும் கோர்வையா, கிழியாம, ஒரு தடவ நேர்ல பாத்துட்டா மறக்கவே மறக்காது. எனக்கு யாரு காட்டப் போறா?”

இருந்தாற்போல் எனக்கு ஒரு யோசனை உதித்தது. யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, என் மண்டையில் தானாக உதித்தது.

“நான் காட்டுதேன் யக்கா. நம்ம கிடா இருக்குல்லா?”

குலசாமி கோயில் என்றால் கோபுரம் கீபுரம் எதுவும் கிடையாது. வெடித்து நிற்கிற பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு உடைமரம், அதன் கீழே நாலைந்து கல், வெயிலுக்கு மேலே கட்டிய ஒரு துணி விதானம். அங்கே எங்கள் வகையறாவுக்கு ஒரு முறை உண்டு. கிடாயின் தலை சாமிக்கு. ஈரல், பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிற மூத்த பெண்ணுக்கு. அவள் கைநீட்டி ஈரலை வாங்கிச் சுட்டு ஒரு வாய் தின்ற பிறகுதான் பூ வைக்கிறதோ, பாகம் பிரிக்கிறதோ, எந்த நல்ல பேச்சையும் எடுக்கலாம். அந்த வருஷம் மூத்த பெண் அத்தை. ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூவை மடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கிடாயை உரித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. நான் அவர் காதருகே போய் நின்றேன்.

“மாமா, மூச்சுக்குழலு, நுரையீரலு, இருதயம், உதரவிதானம், ஈரலு எல்லாம் ஒரே கோர்வையா வேணும். கத்தி படப்பிடாது.”

“என்னலே, பெரிய டாக்டரு கணக்கா பேசுத?”

“அக்காவுக்குப் பரீட்ச.”

“ஆட்டப் பத்தியா பரீட்ச வைக்காவ?” என்று சிரித்தார். ஆனாலும் என் வார்த்தையை மதித்து, விலாவுக்குள் கையை விட்டு மெல்ல விடுவித்து, கழுத்துக்குழலைப் பிடித்து மொத்தமாக வெளியே தூக்கினார். ஆவி பறந்தது. ஓலைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு, கல் தடுக்கி விழாமல், அடிமேல் அடி வைத்து நடந்து, வண்டி அவிழ்த்துப் போட்டிருந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

வண்டிக்குப் பின்னால் அக்கா தயாராக இருந்தாள். தாவணியை இடுப்பில் செருகியிருந்தாள். ஓலையை விரித்து எல்லாவற்றையும் இறக்கிவைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். இருதயத்தை அறுத்து நாலு அறையையும் காட்டினாள். இது தமனி, இது சிரை என்று குழாய்க்குள் ஈர்க்குச்சியை விட்டு எனக்குக் காட்டினாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை, விட்டத்தையும் தேடவில்லை. நேரில் பார்த்ததும் மறந்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் நடுவே மெல்லிய திரை ஒன்று இருந்தது. அதைத் தூக்கி வெயிலுக்குக் காட்டி, “இதாம்லே உன் உதரவிதானம்” என்றாள். சாமிக்கு மேலே கட்டியிருந்த துணி விதானத்தைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குள்ளும் யாரோ இப்படி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்!

அப்போது அக்கா சொன்னாள். “ஏலே, அத்தைய மறந்துட்டமே. ஈரலு இங்கனதான் இருக்கு, அவியளயே வந்து வாங்கிக்கிடச் சொல்லு. ஓடு.”

ஓடினேன். முறை தெரிந்த பிள்ளை என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பூவையும் எடுத்துக்கொண்டு அத்தை எழுந்து வந்தாள். பின்னாலேயே இன்னும் சில பெண்கள்.

வண்டியைச் சுற்றி வந்தோம். அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, ஆட்டின் மூச்சுக்குழலை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அதுவரை துவண்டு கிடந்தது மெல்ல அசைந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டே வந்தது, இளஞ்சிவப்பாக, வெடித்த பருத்தி விரிகிற மாதிரி. அக்கா மூச்சை விட்டதும் அடங்கியது. மறுபடி ஊத மறுபடி எழும்பியது. நான் என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அதனோடு சேர்ந்து மூச்சு இழுத்தேன், விட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் கிணற்றில் முதல் தண்ணீர் கண்டபோதுகூட எனக்கு வந்ததில்லை.

“ஏட்டி! என்னட்டி பண்ணுத?” அத்தையின் சத்தத்தில் வண்டிமாடுகள் மிரண்டன.

அக்கா வாயை எடுக்கவில்லை. அத்தையை நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை ஊதினாள். பிறகு புறங்கையால் வாயைத் துடைக்க, ரத்தம் கன்னம் வரைக்கும் இழுபட்டது.

“இதான் அத்த நுரையீரல். உங்களுக்குள்ளயும் இருக்கு.”

“எனக்குள்ள ஒரு எழவும் கிடையாது!”

அப்புறம் கேட்க வேண்டுமா? சாமி கிடாவை எச்சில் பண்ணிவிட்டாள் என்று ஒரே கூப்பாடு. அய்யா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பூசாரி நடுவில் புகுந்து, “சாமிக்குத் தலதான. தலைய யாரும் ஊதலயே?” என்றார். சாமி அதோடு சமாதானமாகிவிட்டது. அத்தை ஆகவில்லை.

“இன்னைக்கு ஆட்ட ஊதுதா. நாளைக்கு என் மவன் நெஞ்சப் பொளந்து பாக்க மாட்டாள்னு என்ன நிச்சயம்?”

ஈரலை அவள் கையால் தொடவில்லை. கொண்டுவந்த பூவைக் கல்லுக்குச் சாத்திவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள். மூத்த பெண் ஈரல் வாங்கவில்லை என்றால் முறைப்படி அந்த வருஷம் நல்ல பேச்சு எதுவும் எடுக்க முடியாது. அய்யாவே நினைத்தாலும் முடியாது. அந்த ஈரலை மாமாவும் நானும் சுட்டுத் தின்றோம். அக்கா பங்குனியில் பரீட்சை எழுதினாள். பாஸானாள். அய்யா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டிரெயினிங் போய், டீச்சராகி, தலைநரைக்கும் வரை விஞ்ஞானம் எடுத்தாள். அத்தானும் உள்ளூரிலேயே ஒரு பெண்ணைக் கட்டி நன்றாக இருந்தார். அவர் மகனுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான்.

மறந்துபோன பாடத்தை ஒரே நாளில் அவள் மண்டையில் ஏற்றியவன் நான் என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்கு என் பேத்தி, பரீட்சைக்கு உயிரியல் சொற்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளிடமும் இந்தக் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா கேட்டாள்.

“ஏலே, அத்தையக் கூப்பிட உன்னைய எதுக்கு அனுப்புனேன்?”

“ஈரல் வாங்கத்தான்.”

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பேத்தியும் சிரித்தாள். அந்தப் பொடிப்பெண்ணுக்கே விளங்கிவிட்டது. எனக்கு மறுநாள் வெயில் ஏறித்தான் விளங்கியது. அக்காவுக்குத் தெரியாத சொல் என்று ஒன்றுகூட இருந்ததில்லை. ஆபீஸில் குச்சி அடுக்கிய அந்தப் பயலுக்கு அது தெரியாது. அத்தைக்கு மரியாதை செய்யத்தான் ஓடுகிறோம் என்று நினைத்து ஓடினான்.

இருக்கட்டும். இப்போது அக்காவிடம் படித்தவர்கள் சேர்ந்து அவளுக்குப் பாராட்டு மலர் போடுகிறார்களாம். “யார் துணையும் இல்லாமல் தன் சொந்த முயற்சியால் முன்னேறியவர்” என்று அதில் எழுதியிருப்பதை என்னிடமே கொண்டுவந்து படித்துக் காட்டினார்கள். அந்த வரியை அடித்துவிட வேண்டும். யோசனை அவளுடையது என்றே போட்டுக்கொள்ளட்டும், நான் தகராறு பண்ணவில்லை. ஆனால் கத்தி ஒரு இடத்தில் கீறியிருந்தால்கூட அவள் எவ்வளவு ஊதியும் அது உப்பியிருக்காது. அதைக் கீறல் படாமல் கேட்டு வாங்கி, கீழே போடாமல் கொண்டுவந்து சேர்த்தவன் அவள் தம்பி என்று அச்சில் வர வேண்டும். முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.