வாய்க்கால் பாலத்தில் அறுந்த பெல்ட்

பெல்ட் அறுந்தால் ஸ்கூட்டர் உடனே நின்றுவிடாது. காலுக்கடியில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் இன்ஜின் மட்டும் அலறும்; சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டு, மெதுவாகி, தனக்குப் பிடித்த இடத்தில் நிற்கும். என் வண்டிக்குப் பிடித்த இடம், மோகனூர் சாலையில் எங்கள் ஊருக்குப் பிரிகிற முச்சந்தியை அடுத்த வாய்க்கால் பாலம். என் கணவர் இறந்துகிடந்ததும் அங்கேதான்.

அவர் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் ஏறினால் நாக்பூர், கான்பூர் என்று சுற்றிவிட்டு எப்போதோ வீடு திரும்புவார். நான் நாமக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம் என்று என் பெயரில் அந்த ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்தார். "கியர் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா?" என்று கேலி செய்துகொண்டே முதல் இலவச சர்வீஸுக்கு அவரே எடுத்துப் போனார். திரும்பி வரும்போது நெஞ்சு வலித்திருக்க வேண்டும். பாலத்தோரம் வண்டியை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். இந்தியா முழுக்க லாரி ஓட்டிப் பத்திரமாக வந்த மனிதர், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் போனார். அந்தச் சென்டர் ஸ்டாண்டை நினைத்துத்தான் நான் அதிகம் அழுதேன். சாகிற நேரத்திலும் வண்டி சாயக் கூடாது என்று பார்த்திருக்கிறார்.

வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். நான் பிடிவாதக்காரி, விற்கவில்லை.

முதல் பெல்ட் அறுந்தபோது அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கரும்புக்காடு, நடுவில் நானும் அந்த அலறலும். புதுப் பெல்ட் மாட்டினார்கள். "சிலது அப்படித்தானுங்க" என்றார் மெக்கானிக். சில மாதம் ஓடியது. பிறகு அதே பாலம், அதே சுவர், அதே 'டப்'. இந்த முறை நான் வண்டியை விட்டு உடனே இறங்கவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

வாய்க்காலில் தவளைகள்தான் கத்தின. காலாவதி தேதி பார்க்காமல் ஒரு மாத்திரை அட்டையைக்கூட எடுத்துக் கொடுக்காதவள் நான். அப்படிப்பட்டவள் காற்றிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அப்போது இன்னும் இருட்டக்கூட இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அத்தை வாசலில் நின்றிருந்தார். அத்தை என் மாமியார்; என் கணவர் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"எங்க நின்னுச்சு சாமி?"

"பாலத்துலதானுங்கத்தை."

அத்தை உள்ளே போய் எனக்குக் குளிக்கத் தண்ணீர் காய வைத்தார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரிலிருந்து மெக்கானிக் வீட்டுக்கே வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே நார் நாராகக் கிழிந்த பெல்ட், கருகிய ரப்பர் வாடை. அதை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, புதுசு வந்ததும் மாட்டலாம் என்று போனார். அதற்குள் என் அண்ணனுக்கு விஷயம் தெரிந்து, பூசாரியோடு வந்து நின்றான்.

"செத்தவன் கைபட்ட வண்டி. தோசம் கழிச்சு உடாம நீ இதுல ஏறப்படாது. நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

வண்டியைச் சுற்றிப் பூசணிக்காய் காட்டினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும், அந்த அறுந்த பெல்ட்டையும் சேர்த்து, கொண்டுபோய் முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். அத்தை வெளியே வரவே இல்லை. பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை.

நான் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

"மேடம், பெல்ட் தேய்மானச் சாமானுங்க. வாரண்டில வராது" என்றார் சூப்பர்வைசர்.

"இத்தனை சீக்கிரம் ரெண்டு பெல்ட்டு போயிருக்குது. நீங்க போட்டிருக்கிற செருப்புகூட இதைவிட நாள்பட வருமுங்க. இது தேய்மானமா?"

என் சத்தத்தில் புது வண்டி பார்க்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. குரலைத் தணித்து, கம்பெனி இன்ஜினியர் அடுத்த வாரம் வருகிறார், வண்டியையும் அறுந்த பெல்ட்டையும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். "பெல்ட்டு இல்லாட்டி அவரு பாக்கக்கூட மாட்டாருங்க."

ஓசிப் பெல்ட்டுக்காக நான் சண்டை போடவில்லை. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, இது இயந்திரத்தின் குறை, வேறொன்றும் இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தினமும் சாயங்காலம் அந்தப் பாலத்தை நான் எப்படித் தாண்டுவேன்?

முச்சந்திக்கு நல்ல வெயிலில்தான் போனேன். பூசணிக்காய் அழுகி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. எலுமிச்சம்பழம் சுருங்கியிருந்தது. பெல்ட் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தூரத்திலிருந்தே கத்தினார்.

"தொடாதீங்க சாமி! கழிப்புங்க அது! வேலில போற ஓணானைப் புடிச்சு மடில உட்டுக்கிறீங்களே!"

"ஓணான் இல்லீங்க, பெல்ட்டு" என்றேன். குங்குமம் ஒட்டியிருந்த பெல்ட்டை முந்தானையால் பிடித்து எடுத்தேன். கழிப்பைப் போட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. எடுத்து வருகிறவர்களுக்கு என்ன விதி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன்.

வண்டியை டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனேன். கம்பெனி இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். குங்குமத்தைத் துடைத்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தடவினார். பிறகு அது சுற்றுகிற புல்லியின் உள்பக்கத்தில் விரலை ஓட்டி, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் பிசிறு நகத்தில் தட்டியது.

"தயாரிப்புலயே விட்ட குறை மேடம். எத்தனை பெல்ட் போட்டாலும் இது அறுத்துக்கிட்டேதான் இருக்கும். புல்லி, பெல்ட் எல்லாம் வாரண்டியில மாத்திக் கொடுத்துடறோம்."

"ரெண்டு தடவையும் ஒரே பாலத்துல ஏங்க அறுந்துச்சு?"

"அங்க வேகத்தடை இருக்கா? அடுத்து ஏத்தமா?"

ஆமாம் என்றேன்.

"டவுன்ல இருந்து வந்து வண்டி நல்லா சூடாகியிருக்கும். தடையில வேகம் குறைச்சு, ஏத்தத்துல நல்லா முறுக்குவீங்க. அறுந்தா அங்கதான் அறுந்துபோகும்."

என் கணவருக்கு மட்டும் நெஞ்சு ஏன் அங்கே நின்றது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்கு இன்ஜினியர் என்ன செய்வார்.

ஜெயித்த சந்தோஷத்தில் வண்டியை எடுத்தேன். அன்று மோகனூர் சாலையில் மறியல் என்று வேறு வழியில் சுற்றி வந்ததால் பாலம் வரவில்லை. வீட்டில் அத்தை முறத்தை மடியில் வைத்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அது அவரில்லீங்க! வண்டிலதான் கோளாறு. கம்பெனிக்காரங்களே ஒத்துக்கிட்டு எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டாங்க. இனிமே அங்க நிக்காதுங்க."

கடலை உடைத்த கை நின்றுபோனது.

"நிக்கவே நிக்காதா?"

"நிக்காதுங்கத்தை."

"கம்பெனிக்காரனே அவன் இல்லேன்னு சொல்லிப்போட்டானா?" என்று கேட்டார். பிறகு, "ஊட்டுக்கு வாரதுக்குத்தான் உன்ற வண்டியை நிறுத்துறான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் சாமி. உங்கண்ணன் கழிச்சு உட்டப்பவே எனக்குச் சோறு எறங்குல" என்றார்.

அழக்கூட இல்லை. மறுபடி கடலையை எடுத்து உடைக்கத் தொடங்கினார். என் புருஷன் அங்கே இல்லை என்பதை நான் சண்டை போட்டு வாங்கி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தாயிடம் அதை நல்ல சேதியாகச் சொல்லியிருக்கிறேன். 

மறுநாள் சாயங்காலம் வேகத்தடையில் மெதுவாக்கி, ஏற்றத்தில் முறுக்கினேன். வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது. இத்தனை நாள் நான் கேட்டது அதைத்தான். தாண்டிய பிறகு அந்தச் சாலை எனக்கு வெறிச்சோடித் தெரிந்தது.

வண்டியைத் திருப்பினேன். பாலத்தோரம் நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சுவரில் உட்கார்ந்தேன். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. கரும்புத் தோகை சலசலத்தது, ஒன்றிரண்டு டெம்போக்கள் போயின. இருட்டத் தொடங்கியதும் எழுந்தேன்.

அத்தை வாசலில் நின்றிருந்தார். நேரமானதைப் பார்த்திருப்பார். அருகில் வந்து, வண்டியின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏஞ்சாமி, நின்னுச்சா?"

"நின்னுச்சுங்கத்தை."

அவர் உள்ளே போய்த் தண்ணீர் காய வைத்தார்.