லுணுகலைத் தோட்டத்தில் ஒரு ரஷ்யப் பியானோ

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக் கோட்டையில் ஏறினேன். நூற்று எண்பத்தொரு மைல் ஓடிக் களைத்த வண்டி, விளக்கேற்றும் வேளையில் என்னைப் பதுளையில் இறக்கிவிட்டது. இங்கே ரயில் வந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. முன்பெல்லாம் பண்டாரவளையில் இறங்கி மாட்டுவண்டியில் முதுகெலும்பை எண்ணிக்கொண்டே வரவேண்டும். தெமோதரையில் வண்டி ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தான் நின்று வந்த நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போகிறது. எதிரே இருந்த புகையிலை வியாபாரி, ஏதோ மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களா என்று என்னிடம் கவலையோடு விசாரித்தார்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். மலைநாட்டு ஈரத்தில் துரைமார் வீட்டுப் பியானோக்கள் அடிக்கடி மக்கர் செய்வதால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. ஒரு கிராமபோன் தட்டைக் கேட்க, முடிந்தால் வாங்கிவர, சொந்தச் செலவில் புறப்பட்டிருந்தேன். உங்களுக்குப் புத்தி நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

காரணம் ஒரு ரஷ்யர். அவர் பெயரை எழுதினால் அச்சுக்கோப்பவர் கை உளுக்கும், விட்டுவிடுகிறேன். பதினைந்து வருடம் முன்பு அவருடைய கப்பல் கொழும்பில் தங்கியபோது, ஒரு மாலை துரைமார் சங்கீத சபை மண்டபத்தில் அவர் வாசித்தார். அந்தப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தவன் நான். சபைக்குள் இருக்க எனக்கு அனுமதி இல்லை. தந்தி அறுந்தால் கூப்பிடுவார்களாம், வெளியே நிற்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டார்கள். கம்பளிக்குள் யாரோ பேசுவதுபோல் கொஞ்சம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு அவர் நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது, ஒற்றைப் பெட்டியோடு வெளியேறினார், அந்நிய ஊரில் இறந்தார். பத்திரிகையில் எட்டு வரி போட்டிருந்தார்கள். ஒலிப்பதிவுக் குழாய்க்கு முன் உட்காருவதே அவருக்குப் பிடிக்காது, விட்டுப்போன தட்டுகள் சொற்பம் என்று அதில் இருந்தது. அந்த வரியை நான் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதுளைக் கடைத்தெருவில் காசிம் நானாவைப் பார்த்தேன். கிராமபோன் ஊசி விற்பவர். எனக்குத் துப்புக் கொடுத்தவரும் அவரே. லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரை சீமைக்குப் போகும்போது கிராமபோனையும் ஒற்றைத் தட்டையும் தன் பங்களாச் சமையல்காரரான அப்புவுக்குக் கொடுத்துவிட்டாராம். தட்டின் மேல் எழுதியிருந்த ரஷ்யரின் பெயரை நானா பார்த்துவந்து எனக்குக் கடிதம் போட்டிருந்தார். அவருக்கு ஒரே மனக்குறை, அந்த அப்பு இதுவரை ஊசியே வாங்கியதில்லை.

எட்டு மணி பஸ். பசறை வழியாக லுணுகலைக்கு இருபத்துநான்கு மைல், கட்டணம் ஒன்றேகால் ரூபாய். பக்கத்தில் கோழியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிட்டாள். கோழி தைரியமாக இருந்தது. இறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு மைல் ஏறினேன்.

பங்களாவுக்குப் பின்னால் சமையல்கட்டை ஒட்டிய அறையில் இருந்தார் அப்பு மாரிமுத்து. என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. அடுப்புக்கு மேல் ஒரு தகர டப்பாவில் எலுமிச்சை முட்கள் காய்ந்துகொண்டிருந்தன. இரும்பு ஊசி கொழும்பிலிருந்து வந்து சேரத் தாமதமான ஒரு மழைக்காலத்தில், துரையைக் காக்கவைக்க முடியாமல் முள்ளைச் செருகிப் பார்த்தாராம். அது நன்றாகவே பாடியது. அன்றிலிருந்து பதினொரு வருடம், மாலை ஐந்து மணித் தேநீரோடு, தினம் ஒரு புது முள். தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. இரும்பு உரசித் தேய்ந்த எத்தனையோ தட்டுகளைப் பார்த்த எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

தட்டை விற்பாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"காசு வேணாங்க, சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா மறுபக்கத்த மட்டும் எனக்குப் பாட வச்சுக் காட்டணும்" என்றார்.

தட்டைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கம் கண்ணாடியாக வழவழத்தது.

"தொர ஒரே பக்கத்த வச்சு வச்சு, ஊசி உழுது கோடு விழுந்துருச்சுங்க. இந்தப் பக்கம் இன்னும் உழவே இல்ல. அவுக இருந்தவரைக்கும் திருப்ப உத்தரவு கேக்கல. கருவி தெரிஞ்சவங்க யாராச்சும் வரட்டும்னு இருந்தேன்."

அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு ஒரு பக்கம்தான் பாட்டு. மறுபக்கத்தில் எதுவும் கிடையாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பதினொரு வருடமாக ஒரு பாட்டை இந்த மனிதர் சேர்த்துவைத்திருக்கிறார். கருவியில் கோளாறு, கொழும்பில் சரிபார்த்து அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டு என் பைக்குள் வந்துவிடும். சொல்லலாமா என்று நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. பொய் சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. புது முள் செருகி, வழவழப்பின் மேல் வைத்தார். முள் 'ஸ்ஸ்' என்று வழுக்கி நடுவில் போய் இடித்துக்கொண்டது. இன்னொரு முறை வைத்தார். அதேதான்.

"அப்ப வாசிச்ச அந்த மனுசன் இதுல வச்சுட்டுப் போனது இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்" என்றேன்.

தோளில் கிடந்த துண்டால் தட்டை இருபுறமும் துடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. ரெண்டு பக்கம் இருக்குன்னு நெனச்சப்ப தாராளமாக் குடுக்கறேன்னுட்டேன். இருக்கறதே ஒரு பக்கம்தான்னா எப்பிடிங்க குடுக்கறது?"

எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் கோபம் வரவில்லை. அவர் இன்னொரு முள் எடுத்துச் செருகி, கோடு விழுந்த பக்கத்தை வைத்தார். நான்கு நிமிடம். குழாய்க்குள்ளிருந்து வந்ததால் பியானோ கொஞ்சம் தகரமாகத்தான் ஒலித்தது. ஆனால் முடிவுக்குச் சற்று முன்னால் அந்த ரஷ்யர் ஒரு மூச்சு நேரம் வாசிப்பை நிறுத்தினார். அதே நிறுத்தம் அன்று மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நிகழ்ந்தபோது, வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தவன் நான். கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஞாயிறு காலை வண்டியில் வெறுங்கையோடு திரும்பினேன். கொழும்பில் அந்தச் சபை இன்னும் இருக்கிறது, அதே கதவோடு. அடுத்த வாரம் அங்கே எனக்கு வேலை இருக்கிறது. மாரிமுத்துவின் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அன்று தட்டை வைக்குமுன் அதைக் குழாய்க்கு நேரே இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தட்டுக்குச் சொந்தக்காரர் வாசல்படியில் நின்றபடியே கேட்டார்.